இந்தச் சரக்குக்கு எந்த ஊர்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள அந்தப் பட்டறையில் அவருக்கு ‘டைப் அக்கா’ என்று பெயர். டைப்ரைட்டர் பழைய இரும்புக்குப் போய் இருபது வருஷம் இருக்கும். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. காலையில் அண்ணனூரில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, வழியில் டீக்கடையில் ‘பத்து மணிக்கு எட்டு டீ’ என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தால், வேகும் ரப்பரின் வாடை வரவேற்கும். புதிதாக வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அக்காவுக்கு அது வீட்டு வாசனை மாதிரி.

பட்டறையில் செய்வது லாரிக்கும் வேனுக்கும் போகிற ரப்பர் புஷ். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே ரப்பர். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது இந்தச் சின்னப் பொருள்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும். வருஷத்துக்கு நாலைந்து தடவை மலேசியாவுக்குக் கப்பலேறும்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. 9,000 புஷ் அட்டைப் பெட்டிகளில் தயாராக அடுக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை கன்டெய்னரில் ஏற வேண்டும். அக்கா வழக்கம்போல ஆரிஜின் சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் போட கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ‘இந்தச் சரக்கு இந்தியாவில் செய்தது’ என்று சொல்லும் சான்றிதழ் அது. தமிழில் தோற்றச் சான்றிதழ் என்கிறார்கள்.

அது இருந்தால் மலேசியாவில் வாங்குபவருக்கு வரிச் சலுகை. இல்லையென்றால் முழு வரி. இந்தியாவுக்கும் ஆசியான் நாடுகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. அந்தச் சலுகையைக் கணக்கில் வைத்துத்தான் விலையே பேசியிருக்கிறார்கள். சலுகை போனால் அந்த ஆர்டரில் லாபமும் போய்விடும்.

சான்றிதழ் வாங்க முத்திரை மட்டும் போதாது, கணக்கும் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு கஷ்டமானதில்லை. கப்பலில் ஏற்றும்போது ஒரு புஷ்ஷின் விலை 100 ரூபாய் என்றால், அதில் வெளிநாட்டுப் பொருளின் மதிப்பைக் கழிக்க வேண்டும். மிச்சம் குறைந்தது 35 ரூபாயாவது இருக்க வேண்டும். அதோடு, செய்து முடித்த பொருளின் சுங்க எண்ணின் முதல் ஆறு இலக்கம், வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் எண்ணிலிருந்து மாறியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கியதை அப்படியே பெட்டி மாற்றி அனுப்பினால் செல்லாது என்று அர்த்தம். ரப்பர் கட்டி புஷ் ஆகிவிட்டால் எண் தானாக மாறிவிடும். அதில் அக்காவுக்குக் கவலை இருந்ததில்லை.

அன்றைக்குக் கவலை வந்தது முதல் கணக்கில்.

கொரியாவிலிருந்து வரும் செயற்கை ரப்பர் 21 ரூபாய். ஒட்டுப் பசையும் மற்ற ரசாயனங்களும் 9 ரூபாய். உள்குழல் சீனச் சரக்கு, 14 ரூபாய். ஆக 44. இதுவரை பழைய கணக்குதான். வெளிவளையத்துக்கான குழாய் 26 ரூபாய். அது எப்போதும் ஆவடியில் செய்த குழாய், உள்நாட்டுச் சரக்கு. ஆகவே மிச்சம் 56. தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.

ஆனால் இந்தத் தடவை பைலில் இருந்த குழாய் பில் வேறு. வழக்கமான டீலர் பெயர் இல்லை. பாரிமுனையில் செம்புதாஸ் தெரு வியாபாரி ஒருவருடைய பில். ‘எம்.எஸ். குழாய், 3 கட்டு’ என்று மட்டும் இருந்தது. எந்த ஆலை, எந்த நாடு, ஒன்றும் இல்லை. கூடவே வர வேண்டிய டி.சி.யும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் டி.சி. வேறு. இரும்புத் தொழிலில் டி.சி. என்றால் டெஸ்ட் சர்டிபிகேட். எந்த உலையில், எந்த வார்ப்பில் வந்த இரும்பு, அதில் கார்பன் எவ்வளவு, வலு எவ்வளவு என்று ஆலையே எழுதிக் கொடுப்பது. வார்ப்புக்கு ஒரு எண் உண்டு. ஹீட் நம்பர் என்பார்கள். ஒரு விதத்தில் பள்ளிக்கூட டி.சி. மாதிரியேதான். பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லிவிடும்.

அக்கா முதலாளியின் மகனைக் கூப்பிட்டார். முதலாளிக்கு இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து கொள்முதல் எல்லாம் மகன்தான். பூந்தமல்லியிலிருந்து பைக்கில் வந்து போகும் சுறுசுறுப்பான பிள்ளை.

“தம்பி, இந்தக் குழாய் எங்க வாங்குனீங்க?”

“பாரிஸ்லக்கா. நம்ம டீலர் மூணு வாரம் ஆகும்னுட்டாரு. இங்க அன்னைக்கே கெடச்சுது. கிலோவுக்கு நாலு ரூபா கம்மி வேற.”

“டி.சி. எங்க?”

“கேக்கலையே. ஏன்க்கா?”

ஏன் என்பதற்கு அக்கா திரையைக் காட்டினார். எந்த நாட்டுச் சரக்கு என்று தெரியாத மூலப்பொருள் இருந்தால், அது வெளிநாட்டுச் சரக்காகவே கணக்கில் ஏறும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. 44-உடன் 26-ஐக் கூட்டினால் 70. மிச்சம் 30. வேண்டியது 35.

“அது ஆவடிக் குழாயாத்தான் இருக்கும்க்கா. பாத்தாலே தெரியுது. பழையபடியே போட்டுடுங்க. யாரு வந்து பாக்கப்போறாங்க?”

“இருக்கலாம் தம்பி. ஆனா ‘இருக்கலாம்’னு எழுத இதுல கட்டம் இல்ல.”

அக்கா சேர்ந்தபோது இப்படியெல்லாம் கட்டங்கள் இல்லை. அது 1990-களின் கடைசி. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டு, அது 2000 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தபோதுதான் அந்தப் பட்டறை முதல் முதலாக ஆரிஜின் சர்டிபிகேட் வாங்கியது. கொழும்புக்கு 200 புஷ். அச்சிட்ட படிவத்தில், கார்பன் தாள் வைத்து, மூன்று நான்கு பிரதி டைப் அடிக்க வேண்டும். கடைசி வரியில் ஓர் எழுத்து தப்பினாலும் படிவம் வீண். அதை எடுத்துக்கொண்டு ரயிலேறி நகரத்துக்குப் போய், அதிகாரி வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, மசிக் கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் வாங்கி, சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டும். பிறகு அசல் சான்றிதழ் கூரியரில் கடல் தாண்டிப் போகும். சரக்கு முந்திப் போய், தாள் பிந்திப் போனால், அங்கே துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் முழுக்க ஒரு முத்திரைக்காகப் போகும். ஆனாலும் அக்கா அந்தப் பயணங்களை வெறுத்ததில்லை. பீச் ஸ்டேஷனில் இறங்கி ராஜாஜி சாலையில் நடந்தால் சுங்க இல்லம், துறைமுகச் சுவர், கிரேன்கள். தான் டைப் அடித்த தாள் போகும் வழியைக் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும் என்பார்.

2019 செப்டம்பரில், வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் டி.ஜி.எஃப்.டி. இந்தச் சான்றிதழ்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் இணையதளம் தொடங்கியது. ஒவ்வொரு ஒப்பந்தமாக அதற்குள் வந்தது. மறு வருஷமே கொரோனா ஊரடங்கு. அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தபோது, ஆன்லைன் என்பது வசதி என்ற நிலை மாறி, வேறு வழி இல்லை என்று ஆனது. சலுகை இல்லாத சாதாரண ஆரிஜின் சர்டிபிகேட்டும் 2025 ஜனவரி 1 முதல் கண்டிப்பாக ஆன்லைனில்தான். நாளொன்றுக்கு 7,000-க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் அந்தத் தளத்தில் கையாளப்படுவதாக அரசு அறிவித்தது. கையெழுத்துக்கு ஒரு யு.எஸ்.பி. டோக்கன், இல்லாவிட்டால் ஆதார் வழியாக. சான்றிதழின் மூலையில் க்யூ.ஆர். கோடு. கோலாலம்பூரில் உட்கார்ந்து ஸ்கேன் செய்தால் இது நிஜச் சான்றிதழா என்று தெரிந்துவிடும்.

அப்போது அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது. அலைவதுதான் தன் வேலை. அலைச்சலே இல்லையென்றால் தனக்கு என்ன வேலை? முதலாளி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ‘எல்லாம் இனிமே கம்ப்யூட்டர்லயே முடிஞ்சுடுமாமே’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அக்கா இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை. கணவர் இல்லை. மகளுக்கு அப்போதுதான் கல்லூரி இரண்டாம் வருஷம்.

நடந்தது வேறு. முத்திரை வாங்குவது சுலபமானதும், முத்திரைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு பெரிதாகிவிட்டது. முன்பு மூலப்பொருள் விவரம் ஒரு தனித் தாளில் மேலோட்டமாக இருக்கும். இப்போது எந்தப் பொருளுக்கு என்ன சுங்க எண், அதில் உள்நாடு எவ்வளவு, வெளிநாடு எவ்வளவு, பில் எங்கே என்று எல்லாம் பதிவாகிறது. அந்த விவரமெல்லாம் பட்டறையில் ஒரே இடத்தில்தான் இருந்தது, அக்காவின் தலைக்குள்.

இந்தக் கெடுபிடி நமக்கு மட்டுமா என்றால் இல்லை. நம் நாடும் உள்ளே வரும் சரக்கை இப்படித்தான் கேட்கிறது. இலங்கை ஒப்பந்தம் வந்த புதிதில் அங்கிருந்து வனஸ்பதியும் செம்பும் இங்கே குவிந்தன. இலங்கையில் பாமாயில் விளைச்சல் மிகக் கொஞ்சம், செம்புச் சுரங்கமும் கிடையாது. வேறு நாட்டு மூலப்பொருள் அங்கே கொஞ்சம் வேலைப்பாடு பெற்று, சலுகை வரியில் இங்கே வந்தது. உள்ளூர்த் தொழில்காரர்கள் கூச்சலிட்டார்கள். பல வருஷம் இப்படிப் பல ஒப்பந்தங்களில் பட்டபிறகு, 2020-இல் சுங்கச் சட்டத்தையே திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல், ‘சர்டிபிகேட் இருக்கிறதே’ என்று சொல்லி இறக்குமதியாளர் தப்பிக்க முடியாது. அந்தப் பொருள் அந்த நாட்டில் எப்படிச் செய்யப்பட்டது, எவ்வளவு மதிப்பு அங்கே சேர்ந்தது என்ற விவரத்தை அவரே கையில் வைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. அங்கே 27 நாடுகள் ஒரே சந்தை. பிரான்சில் செய்த பொருளைக் கிரேக்கத்துக்கு அனுப்ப வரி கிடையாது. ஆனால் அதே பொருள் கப்பலேறினால், பொதுவாக அதை வெளியாள் சரக்காகவே சுங்கம் பார்க்கும். கடலில் கலந்தபின் எது வீட்டுப் பிள்ளை, எது வெளிப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும்? ‘இது நம் சரக்கு’ என்று நிரூபிக்கும் பொறுப்பு அனுப்பியவருக்கு. அதற்கான தாள் முறையை மாற்றி, 2024 மார்ச் 1 முதல் மின்னணு முறை கொண்டுவந்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஒடிசாவின் பாராதீப்பிலிருந்து நம் எண்ணூருக்குக் கப்பலில் நிலக்கரி வருகிறது. இந்திய மண்ணில் தோண்டியது, இந்திய ஊருக்கு வருகிறது. ஆனாலும் கடல் வழி வருவதால் 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தில் அதற்குக் ‘கடலோரச் சரக்கு’ என்று தனிப் பெயர். அதே துறைமுகத்தில் இந்தோனேசிய நிலக்கரியும் இறங்கும். இரண்டும் ஒரே கறுப்பு.

புதன்கிழமை காலை அக்கா நேராக லேத் பகுதிக்குப் போனார். அங்கே முப்பது வருஷமாக இருப்பவர் ஒரு பெரியவர். எல்லோரும் அவரை ‘அண்ணே’ என்பார்கள்.

“அண்ணே, இந்த லாட்டு குழாய் வெட்டுனீங்களே, முனை கட்டு எங்க இருக்கு?”

“அது எதுக்கும்மா உனக்கு? ஸ்கிராப்புலதான் கெடக்கும். சனிக்கெழம காயலான் கடைக்காரன் வருவான்.”

குழாயை வளையம் வளையமாக நறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மிஞ்சும். ஆலைகள் குழாயின் மேல் தங்கள் பெயரையும் எண்ணையும் பெயின்டில் அடிப்பது வழக்கம். எழுத்து இருந்த இடம் வெட்டுப்படாமல் மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம்.

பட்டறையின் பின்புறம் தகரக் கொட்டகையில் ஸ்கிராப் தொட்டி. எண்ணெயும் சீவல் சுருளுமாக ஒரு குவியல். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அண்ணன் கையுறை கொடுத்தார். இரண்டு பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி மகன் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று போன் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவனும் வந்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுத்துள்ள துண்டுகள் பதினேழு தேறின. ஒன்றில் ஆலைப் பெயரின் முதல் பாதி, இன்னொன்றில் மறு பாதி. ஒன்றில் ஹீட் நம்பரின் நாலு இலக்கம். அண்ணன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, சின்னப் பிள்ளைகள் படத் துண்டு சேர்ப்பதுபோல அடுக்கினார். இரண்டு ஹீட் நம்பர்கள் முழுசாகக் கிடைத்தன. இரண்டும் ஆவடிக் குழாய். மூன்றாவது வகைத் துண்டுகளில் மஞ்சள் பெயின்ட் மட்டும் ஒரு கோடாக இருந்தது. எழுத்தே இல்லை.

வியாழக்கிழமை அக்கா வெகு நாள் கழித்து மறுபடி பீச் ஸ்டேஷனில் இறங்கினார். செம்புதாஸ் தெரு மாறவே இல்லை. மூன்று சக்கர வண்டி, தலைச்சுமை, நடுவில் பைக், எல்லோருக்கும் அவசரம். கடை மேனேஜர் முதலில் பிடி கொடுக்கவில்லை.

“மேடம், நாங்க கட்டு கட்டா வாங்கி கட்டு கட்டா விக்கிறவங்க. டி.சி.லாம் கம்பெனிக்காரங்க கேப்பாங்க, நீங்க என்ன...”

அக்கா துணிப் பையிலிருந்து இரண்டு குழாய்த் துண்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். நம்பரைக் காட்டினார். “இந்த ரெண்டு நம்பர் உங்க கொள்முதல் பைல்ல இருக்கும். ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தா போதும். நான் இங்கேயே உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்திருப்பது அக்காவுக்குப் பழகிய வேலை. ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டு டி.சி.யும் வந்தன, கடை முத்திரையோடு. மூன்றாவதைப் பற்றிக் கேட்டதும் மேனேஜர் கையை விரித்தார். “அது லூஸ் சரக்கு மேடம். யாரோ குடுத்தாங்க, வாங்கினோம். பில்லு மட்டும்தான்.”

மூன்று கட்டில் இரண்டுக்கு ஊர் கிடைத்துவிட்டது. அதாவது 6,000 புஷ். மீதி 3,000?

சராசரி போட்டுக் கணக்கைச் சரிக்கட்டிவிடலாம் என்று மகன் யோசனை சொன்னான். மொத்தமாகப் பார்த்தால் ஒரு புஷ்ஷுக்கு 47 ரூபாய் மிச்சம் வருகிறதே, 35-க்கு மேல்தானே? சாமர்த்தியமான யோசனைதான். ஆனால் சலுகை கேட்பது ஒவ்வொரு பொருளுக்கும். மூன்றாவது கட்டுக் குழாயில் செய்த ஒரு புஷ்ஷை மலேசிய சுங்கம் கையில் எடுத்துக் கேட்டால், அதன் கணக்கு 30-தான். அங்கிருந்து சந்தேகம் கிளம்பினால் இங்கே சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்குக் கேள்வி வரும். அங்கிருந்து பட்டறைக்கு வரும். ஒருமுறை பெயர் கெட்டால் அடுத்தடுத்த லாட்டெல்லாம் துறைமுகத்தில் நிற்கும். வாங்குகிறவர் வேறு பட்டறையைத் தேடிக்கொள்வார். பட்டறையில் மொத்தம் இருபத்திரண்டு பேர்.

எந்தப் பெட்டியில் எந்தக் கட்டு என்று எப்படிப் பிரிப்பது? இங்கேதான் அண்ணன் கை கொடுத்தார். ஒவ்வொரு கட்டையும் வெட்டத் தொடங்கும்போது ஜாப் கார்டின் ஓரத்தில் ‘1-ம் கட்டு’, ‘2-ம் கட்டு’ என்று பென்சிலில் குறித்துவைப்பது அவருக்குப் பழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ‘அண்ணன் கல்வெட்டு எழுதுறாரு’ என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஜாப் கார்டு நம்பர் பெட்டி லேபிளில் இருக்கிறது. ஆக, பெட்டியைப் பார்த்தே கட்டைச் சொல்லிவிடலாம்.

வியாழன் ராத்திரி எட்டரை மணி வரை பெட்டி பிரித்தார்கள். முதலாளியே கைத்தடியோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன்தான் ஆரம்பித்தார். “எனக்கு ஒண்ணு வெளங்கல சார். ஒரே அச்சு, ஒரே ரப்பர், ஒரே கை. அதுல இது இந்தியா, இது தெரியாதுன்னா, என்ன ஞாயம்?”

“செஞ்சது இந்தியாதான். அதுல யாருக்கும் சந்தேகமில்ல” என்றார் முதலாளி. “சலுகைக்குக் காட்டுற அளவுக்கு பேப்பர் இல்ல, அவ்ளோதான். ஏம்மா, சரிதானே?”

அக்கா தலையாட்டினார். சாதாரண ஆரிஜின் சர்டிபிகேட்டில் மூவாயிரமும் இந்தியச் சரக்குதான். ஒப்பந்தச் சலுகைக்கான சர்டிபிகேட்டில்தான் அதற்கு இடமில்லை. இரண்டு சான்றிதழும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வரி கட்டும் இடத்தில் போய் நின்றால்தான் வித்தியாசம் தெரியும்.

“எங்கம்மா கதைதான் இது” என்றார் அக்கா. அவருடைய அப்பா ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை பார்த்தவர். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நவம்பர் வந்தால் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் அம்மாவின் ரேகை மெஷினில் விழாமல் போய், போன வருஷம் மூன்று தடவை அலைந்தார்கள். “மனுஷிய நேர்ல பாத்துட்டே, ‘பதிவாகல, நாளைக்கு வாங்க’ங்கறாங்க. புஷ் என்ன, அத விட ஒசத்தியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மலேசியாக்காரருக்கு முதலாளியே போன் போட்டார். பேப்பர் கிடைக்காத கதையை மறைக்காமல் சொன்னார். 3,000 புஷ்ஷுக்கு அங்கே கட்டும் வரியில் பாதியை விலையில் குறைத்துக்கொள்வது என்று முடிவானது. வாங்குபவர் கொஞ்சம் முணுமுணுத்தார். முன்கூட்டியே சொன்னதால் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. குழாயில் கிலோவுக்கு நாலு ரூபாய் மிச்சம் பிடித்தது இதில் பல மடங்காகப் போனது. எவ்வளவு என்று முதலாளி ஒரு தாளில் எழுதி, மகனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் கொடுத்தார். அவன் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை இரண்டு இன்வாய்ஸ். ஒரே கன்டெய்னர். ஏஜென்ட் சுங்க இணையதளத்தில் ஷிப்பிங் பில் போட்டார். லாரி மணலிப் பக்கம் கிளம்பியதும் அக்கா விண்ணப்பத்தை அனுப்பினார். இந்தச் சான்றிதழைக் கப்பல் கிளம்பி மூன்று வேலைநாள் வரையிலும்கூட வாங்கலாம். ஆனால் கடைசி நாள்வரை காத்திருப்பது அக்காவுக்குப் பிடிக்காது. கணக்குத் தாள், இரண்டு டி.சி., ஜாப் கார்டு நகல், எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினார். அண்ணனின் பென்சில் எழுத்து ஸ்கேனில் மங்கலாக விழுந்தது. மறுபடி எடுத்தார்.

திங்கட்கிழமை காலை, ரயில் திருமுல்லைவாயிலில் நின்றபோது போனில் மெசேஜ் வந்தது. 6,000 புஷ்ஷுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அக்கா திறந்து பார்த்து, பெயர், எண், எடை, துறைமுகம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் “என்னக்கா, பசங்க ரிசல்ட்டா?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றார் அக்கா.

மூன்று வாரம் கழித்து, பழைய டீலரிடமிருந்து அடுத்த குழாய் லோடு பட்டறை வாசலில் வந்து நின்றது. டிரைவர் கயிற்றை அவிழ்ப்பதற்குள் முதலாளி மகன் போனை நீட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். குழாய் முனைகளில் இருந்த நம்பரையெல்லாம் படம் பிடித்தான்.

“அண்ணே, டி.சி. எங்க?”

டிரைவர் ஒரு நிமிஷம் விழித்தார். “சின்னவன் டி.சி.யா? நேத்துதான் ஸ்கூல்ல குடுத்தாங்க. உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?”